ஊறுது, தொடாதே

என் மாமனார் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். சட்டையைத்தான் பார்ப்பார். என் கணவர் என்னை முதன்முதலாக அவரிடம் அழைத்துப்போன அன்று, வணக்கம் சொன்னேன். அவர் என் இடது கை மணிக்கட்டுப் பக்கம் துணியை உற்றுப் பார்த்தார்.

"பேனா மை. இடது கைப் பழக்கமாம்மா உனக்கு?"

ஆமாம் என்றேன்.

"சோப்பு போட்டுத் தேய்ச்சிடாத, பரவிடும். நாளைக்குக் குடுத்தனுப்பு, நான் பாத்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. வெளியே வந்ததும் "அப்பா சம்மதம் சொல்லிட்டார்!" என்று என் கணவர் துள்ளினார். எந்த இடத்தில் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்களுடையது சலவைக்கடை. முன்னறையில் கவுண்டரும், பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும் துணி வரிசையும். பின்னறையில் இரண்டு பெரிய மிஷின்கள், ஊறப்போடும் தொட்டிகள், நீராவி இஸ்திரி மேஜை. கவுண்டர் என் பொறுப்பு. வேன் என் கணவர் பொறுப்பு. மிஷின் ஓட்ட ஓர் ஆள் உண்டு; மற்ற எல்லாமே மாமனார். ஊரில் அவருக்குப் 'பளிச்சு' என்று பெயர். துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது "பளிச்சுனு இருக்கா?" என்று கேட்பார். இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லும்வரை துணியை விட மாட்டார். வாடிக்கையாளர் ஒரு கையைப் பிடித்து இழுக்க, இவர் மறு கையைப் பிடித்து இழுக்க, சட்டை நடுவில் கிடந்து திண்டாடும்.

மற்ற கடைகளில் போகாத கறைக்கு ஒரு சீட்டைக் குத்தி அனுப்புவார்கள்: 'முயன்றோம், போகவில்லை.' என் கணவரும் ஆசைப்பட்டு அப்படி ஒரு கட்டு அச்சடித்து வைத்தார். அதிலிருந்து ஒரு சீட்டுகூடக் கிழிபட்டதில்லை. "போகாத கறையா? அப்படி ஒண்ணு இருந்தா எனக்குக் காட்டு" என்று மாமனார் அந்தக் கட்டின் மேல் டீ கிளாஸை வைத்துக்கொள்வார்.

ரத்தம், முட்டை, வியர்வை போன்ற கறைகளுக்கு என்சைம் கலந்த ஒரு பவுடர் போடுவோம். கடையில் அதற்குப் பெயர் தின்னி. மாமனார் வைத்த பெயர். கண்ணுக்குத் தெரியாத வாய் அதற்குள் இருக்கிறது, அது கறையை மட்டும் தின்னும், துணியைத் தொடாது என்பார். வெதுவெதுப்பான தண்ணீரில் தின்னியைக் கரைத்து, துணியை அமுக்கி, தொட்டியின் விளிம்பில் ஓர் அட்டையை மாட்டுவார். 'ஊறுது, தொடாதே.' அட்டை மாட்டிய தொட்டியில் கடவுளே வந்து கைவைத்தாலும் வசவு நிச்சயம்.

ஒரு தடவை எங்கள் மிஷின்காரர் கைவைத்துவிட்டார். ஓட்டல் சமையல்காரர்களின் வெள்ளைக் கோட்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. சீக்கிரம் முடியட்டுமே என்று அதிலேயே பிளீச்சை ஊற்றினார். தின்னி செத்தது, கறை சிரித்தது. மாமனார் அன்று பின்னறையில் நின்று போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. "ஏன்யா, சாப்பிட்டுக்கிட்டு இருக்கறவன் வாயில பினாயில ஊத்துவியா நீ? அதுக்கப்புறம் அவன் சாப்பிடுவானா? சாப்பிடுவானாங்கறேன்!" மிஷின்காரர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு அந்த வசனம் மனப்பாடம். எங்கள் எல்லோருக்குமே மனப்பாடம், ஏனென்றால் மாதம் ஒருமுறையாவது அது மறுஒளிபரப்பாகும்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் காலில் புண் வந்தது.

நீராவிக் குழாய் ஒன்று கசிந்தது. ஆளைக் கூப்பிடுவோம் என்றால் கேட்கிற ஆளா? அவரே தரையில் உட்கார்ந்து முறுக்கினார். முறுக்கி முடிக்கும்வரை கெண்டைக்கால் சூட்டுக் குழாயில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்துபோயிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் தன் வெள்ளைப் பேண்ட்டில் கறையைப் பார்த்துத்தான் பதறினார். முதலில் பேண்ட்டைக் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டார். அட்டையை மாட்டினார். அதற்குப் பிறகு, இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு கவுண்டருக்கு வந்து, "ஏம்மா, கொஞ்சம் இதையும் பாரு" என்று காலைக் காட்டினார். கவுண்டரில் நின்ற அம்மாள் தன் துணியை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நாளில் அந்த இடம் கறுத்து, பழைய செருப்பின் அடித்தோல் மாதிரி இறுகிவிட்டது. டாக்டர் தட்டிப் பார்த்தார்.

"அடியில புதுத் தோல் வளரணும்னா, மேல செத்துப்போனது போகணும். வெட்டி எடுத்துடலாம். ஆனா உங்க இதயம் இருக்கற நிலைமையில மயக்க மருந்து குடுக்க எனக்கே பயமா இருக்கு."

மாமனார் டாக்டரின் கோட்டுப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மூலையில் காபி சொட்டியிருந்தது.

"வேற வழி ஒண்ணு இருக்கு" என்றார் டாக்டர். "ஒரு களிம்பு. அதுல என்சைம் இருக்கு. செத்த தசையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா கரைக்கும், நல்ல தசையத் தொடாது. மெதுவாத்தான் நடக்கும். பொறுமை வேணும்."

மாமனார் சட்டென்று நிமிர்ந்தார். "தின்னி!" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "அது எங்க கடைப் பாஷை டாக்டர்" என்றேன்.

"எதுவா இருந்தாலும் சரி. அடுத்த தடவை வரும்போது பாப்பேன். புண் அசையலைன்னா ஆபத்தோ இல்லையோ, ஆபரேஷன்தான். விட்டா சீழ் உள்ள இறங்கிடும், அப்புறம் காலையே எடுக்க வேண்டி வரும்" என்றார் டாக்டர். பிறகு கறுத்த தோலில் களிம்பு இறங்குவதற்காகக் கத்தியால் கட்டம் கட்டமாக மெல்லக் கீறிவிட்டு, எங்களை அனுப்பிவைத்தார்.

தினமும் காலையில் கட்டுப் போட ஒரு சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவி, களிம்பைத் தடவி, ஈரத்துணி வைத்துக் கட்டுவார். கை வேகமும் வாய் வேகமும் ஒன்றாக இருக்கும்.

"ஐயா, நல்லாக் கேட்டுக்குங்க. இந்தப் புண்ணுல வேற எதுவும் படக் கூடாது. சோப்பு, அயோடின், கிருமிநாசினி, ஒண்ணும் கூடாது. பட்டா இந்தக் களிம்பு வேலை செய்யாது. வெறும் உப்புத் தண்ணி மட்டும்தான். புரிஞ்சுதா?"

மாமனார் சிஸ்டரின் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கழுத்துக்குப் பவுடர் போடுவீங்களாம்மா? அதான் காலர் மங்கியிருக்கு. குடுத்துட்டுப் போங்க" என்றார். அவர் காதில் எது விழுந்தது, எது விழவில்லை என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து கடையில் ஒரே பெருமை. துணி வாங்க வருகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்து, "நம்ம தின்னி இருக்குல்ல, அது இப்ப என் கால்ல வேலை பாக்குது" என்பார். எத்தனையோ வருஷமாகத் தான் வைத்திருந்த வேலைக்காரனை டாக்டரும் வேலைக்கு எடுத்துக்கொண்டார் என்கிற தோரணை. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மட்டும், துணிப் பவுடரும் காலுக்குப் போடுகிற மருந்தும் வேறு வேறு என்று விளக்கம் சொல்லப் பார்த்தார். "வாய் ஒண்ணுதானே சார்?" என்றார் மாமனார். வாத்தியார் கோட்டை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் புண்தான் நகரவில்லை. ஆரம்பத்தில் ஓரத்தில் லேசாக இளகி மஞ்சளாக ஏதோ வந்தது. சிஸ்டர் மகிழ்ந்துபோனார். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. சிஸ்டர் புதுக் களிம்பு வரவழைத்தார். ஈரத்துணியை மாற்றினார். ஒருநாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நேராகவே கேட்டார். "ஐயா, நான் போனப்புறம் கட்டை அவுக்கறீங்களா?"

"நானா?" மாமனாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊற வெச்சதுல கை வைக்கற ஆளா நான்? கடையில வந்து விசாரிச்சுப் பாருங்க!"

டாக்டரிடம் மறுபடி போனோம். அவர் கறுப்புத் தோலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அடுத்த வாரமே ஆபரேஷன் என்று நாள் குறித்தார். வெளியே வந்து வேனில் ஏறிய என் கணவர் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். பின்னால் டெலிவரிக்குப் போக வேண்டிய துணிகள் தொங்கிக்கொண்டிருந்தன. மாமனார் மகனின் முதுகைத் தட்டினார். "அழுறதுன்னா கைக்குட்டை வெச்சுக்க. சட்டை முன்பக்கம் பாழாகுது" என்றார். அந்தக் குரலும் நடுங்கியது. எனக்கு இந்த மனிதரை இழந்துவிடுவோமோ என்று முதன்முறையாக உண்மையான பயம் வந்தது.

இரண்டு நாள் கழித்து வீட்டுத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மாமனாரின் வெள்ளைப் பேண்ட் ஒன்று. கஞ்சி போட்டு, தனியாக நிற்கவைத்தால் நிற்கும் பேண்ட். அதன் கால் பக்கம், உட்புறமாக, கருநீலத்தில் ஒரு சொட்டு.

எனக்குக் கை நின்றுவிட்டது. ஏன் என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிச் சீருடைகள் எங்கள் கடைக்கு நிறைய வரும். அயோடின் சிந்தினால் சாதாரணத் துணியில் பழுப்பாக இருக்கும். கஞ்சி போட்ட துணியில் பட்டால் மட்டும் கருநீலமாக மாறிவிடும். 'பழுப்பாக் குடுத்த துணியை நீலமாக்கிட்டீங்களே' என்று கவுண்டரில் எத்தனை பேரிடம் நான் திட்டு வாங்கியிருக்கிறேன்! கருநீலச் சொட்டு என்றால் அயோடினும் கஞ்சியும் சந்தித்துவிட்டன என்று அர்த்தம். எங்கள் குடும்பத்தில் கஞ்சி போட்ட பேண்ட் உடுத்தும் பிரகிருதி ஒன்றே ஒன்றுதான்.

எனக்கு மூக்கின் மேல் கோபம். பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு கடைப் பின்னறைக்குப் போனேன். மாமனார் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, மிஷின்காரரை ஏவிக்கொண்டிருந்தார்.

"மாமா, இது என்ன கறை?"

எட்டிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "அது... பேனா மைம்மா."

"மை எனக்குத் தெரியும் மாமா. மையாலதான் நான் இந்த வீட்டுக்கே மருமகளா வந்தேன். சொல்லுங்க, இது என்ன?"

அவர் தரையைப் பார்த்தார். கறையின் பெயர் கேட்டு அவர் பதில் சொல்லாமல் இருந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"சும்மா ஒரு துடைப்பும்மா" என்றார் கடைசியில். "சாயங்காலத்துல மட்டும். கடையில முதலுதவிப் பெட்டியில அயோடின் இருந்துச்சு. அந்த சிஸ்டர் வெறும் உப்புத் தண்ணியில கழுவிட்டுப் போறாங்க. அதெல்லாம் ஒரு கழுவலா? மஞ்சளா, வழவழன்னு என்னமோ வந்துக்கிட்டே இருந்துச்சு. அழுக்கைப் பாத்துக்கிட்டு எப்படிம்மா சும்மா இருக்கறது? அதான் பஞ்சுல நனைச்சுத் துடைச்சு, மறுபடி அதே மாதிரி கட்டிக்கிட்டேன்."

பின்னறையில் திடீரென்று சத்தம் நின்றது. மிஷின்காரர் மிஷினை அணைத்திருந்தார். ஓடுகிற மிஷினை நடுவில் அணைப்பது எங்கள் கடையில் கொலைக்குற்றம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக நடந்துவந்து முதலாளியின் முன்னால் நின்றார்.

"முதலாளி, ஒண்ணு கேக்கலாமா?"

"என்னய்யா?"

மிஷின்காரர் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார். "ஏன்யா, சாப்பிட்டுக்கிட்டு இருக்கறவன் வாயில பினாயில ஊத்துவியா நீ? அதுக்கப்புறம் அவன் சாப்பிடுவானா? சாப்பிடுவானாங்கறேன்!"

அதே வசனம், அதே ஏற்ற இறக்கம். கையை ஆட்டுவதுகூட அப்படியே. எனக்குக் கோபமெல்லாம் போய்ச் சிரிப்பு பீறிட்டது. மிஷின்காரர் சொல்லி முடித்துவிட்டு, பல வருஷத்துப் பாரத்தை இறக்கிவைத்த முகத்தோடு திரும்பிப் போய் மிஷினைப் போட்டார்.

மாமனார் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடப்பாவி" என்றார் மெதுவாக. அது மிஷின்காரருக்குச் சொன்னதல்ல. "நானே கொன்னுட்டேனேம்மா. தினம் தினம் கொன்னுருக்கேன்."

"ஏன் மாமா? உங்களுக்குத் தெரியாத விஷயமா இது? ஆயிரம் பேருக்குப் பாடம் எடுத்தவர்தானே நீங்க?"

அவர் கட்டின் முனையை விரலால் நீவிவிட்டார். பிறகு, "நாத்தம்மா" என்றார். "அந்த மஞ்சத் தண்ணி வர ஆரம்பிச்சதும் ஒரு வாடை. சாயங்காலம் குட்டி வந்து மடியில ஏறினா. ஏறினவ மூக்கைப் பொத்திக்கிட்டு, 'தாத்தா அழுக்கு'ன்னு இறங்கிப் போயிட்டா. என்னைப் பாத்து, அழுக்குன்னு." அவர் கையை விரித்தார். "அதான் அவ வர்றதுக்கு முன்னாடி தினம் துடைச்சுடுவேன்."

குட்டி என் மகள். நாலு வயசு. வாயில் வருவதைச் சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் மறந்துவிடுகிறவள். அவள் சொன்ன ஒரு வார்த்தைக்காக இந்த மனிதர் தன் காலையும் உயிரையும் பணயம் வைத்திருக்கிறார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உடனே எனக்குக் கோபமும் திரும்பி வந்தது. "அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன மாமா கேடு?" என்று கத்தினேன். எங்கள் வீட்டில் பாசம் பெரும்பாலும் இந்தச் சுருதியில்தான் வெளிவரும்.

சிஸ்டருக்குப் போன் செய்தேன். அவர் போட்ட கூச்சலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. "அந்த மஞ்சள் அழுக்கு இல்லம்மா! செத்தது கரைஞ்சு வர்றது அது! களிம்பு வேலை செய்யுதுங்கறதுக்கு அடையாளமே அதுதான். நல்லா நடந்துக்கிட்டிருந்த வேலையப் பிடிச்சு நிறுத்திட்டாரே உங்க மாமனார்!" ஆனாலும் அன்றே டாக்டரிடம் போய் எங்களுக்காக வாதாடியவரும் அவர்தான். டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். இன்னொரு தடவை பார்ப்பாராம், அதுதான் கடைசியாம்.

மறுநாள் காலை சிஸ்டர் கட்டி முடித்ததும், நான் கடையிலிருந்து கொண்டுவந்த அட்டையைக் கட்டின் மேல் ஊக்கால் குத்தினேன். 'ஊறுது, தொடாதே.' மாமனார் குனிந்து தன் கையெழுத்தையே படித்தார். அவர் போட்ட சட்டம், அவர் காலிலேயே தொங்குகிறது. எதிர்த்து எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

அந்த நாட்கள் அவருக்கு நரகம். காலுக்குள் அழுக்கு இருக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, தொடக் கூடாது. விரல்கள் தாமாகக் கட்டை நோக்கிப் போகும். பின்னறையிலிருந்து மிஷின்காரர் தொண்டையைச் செருமுவார். விரல்கள் திரும்பிவிடும். மிஷின்காரருக்கு அப்படி ஒரு தொண்டைக் கரகரப்பு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

வாடை மறுபடி வந்தது. மாமனார் குட்டியைப் பார்த்தால் நாற்காலியை நகர்த்திக்கொள்வார். நான் அவளை உட்காரவைத்து, "தாத்தா கால்ல மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. சாப்பிட்டு முடிச்சாத்தான் கால் சரியாகும். அதுவரைக்கும் கொஞ்சம் வாடை வரும்" என்று சொன்னேன். அவள் யோசித்தாள். கொடிக்குப் போய், இருப்பதிலேயே தளர்ந்த துணிக் கிளிப் ஒன்றை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு, தாத்தாவின் மடியில் போய் ஏறிவிட்டாள். "இப்ப சரி" என்றாள் மூக்கால். மாமனார் அவளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் கவுண்டருக்கு வந்தவர்கள் மூக்கில் கிளிப்போடு ஒரு குழந்தையையும், காலில் அட்டையோடு ஒரு கிழவரையும் பார்த்துவிட்டு, எதற்கு வந்தோம் என்பதை மறந்து நின்றார்கள்.

கறுப்புத் தோல் ஓரத்தில் இளகியது. மஞ்சள் வந்தது, நிறைய வந்தது, சிஸ்டர் ஒவ்வொரு நாளும் உப்புத் தண்ணீரால் அதை மட்டும் கழுவி எடுத்தார். ஒருநாள் அடியில் சிவப்பு தெரிந்தது. "பாருங்கய்யா, நல்ல தசை! ஒரு கீறல் இல்லாம அப்படியே இருக்கு" என்று சிஸ்டர் கைதட்டினார். அவரைக் கைதட்டவைத்த புண் அநேகமாக இது ஒன்றாகத்தான் இருக்கும். மாமனார் பார்த்துவிட்டு, "சொன்னேன்ல, துணியத் தொடாதுன்னு" என்றார்.

டாக்டர் கடைசி தடவையாகப் பார்த்தார். பார்த்ததும் சிரித்தார். "ஆபரேஷன் வேண்டாம். இனிமே அதுவா மூடிக்கும்." என் கணவர் மறுபடி அழுதார். இந்தத் தடவை கைக்குட்டை வைத்திருந்தார். மாமனார் எழுந்து டாக்டரின் கோட்டைக் காட்டி, "அந்தக் காபியைக் கழட்டிக் குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். டாக்டரும் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

புண் மூடியது. மேலே பளபளவென்று, சுற்றியிருக்கும் தோலோடு ஒட்டாத நிறத்தில் ஒரு தழும்பு மட்டும் நின்றது. அட்டையை நான் தொட்டிக்குத் திருப்பி அனுப்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமனார் கடையில் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். குட்டி அந்தத் தழும்பைக் கண்டுபிடித்துவிட்டாள். விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. சட்டை நுனியால் அழுத்தித் தேய்த்தாள். அப்போதும் போகவில்லை. அவளுக்கு ஆத்திரம் வந்தது. ரத்தம் அவர் ரத்தம்தானே.

"தாத்தா, இது போக மாட்டேங்குது!"

நானும் என் கணவரும் திரும்பிப் பார்த்தோம். மாமனார் டீ கிளாஸைத் தூக்கி, அடியிலிருந்த 'முயன்றோம், போகவில்லை' சீட்டுகளின் கட்டை எடுத்தார். தூசி தட்டி, முதல் சீட்டைக் கிழித்துக் குட்டியின் கையில் கொடுத்தார்.

"போகாதுடா கண்ணு" என்றார். "இருக்கட்டும் விடு."